சிடுமூஞ்சி டெய்லர் திட்டவில்லை

கடைத்தெருவில் 'சிடுமூஞ்சி டெய்லர்' என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட வழி காட்டும். சட்டையின் கோடும் பையின் கோடும் ஒரு நூல் பிசகினால் போதும், மனிதர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். காஜா போட்டுப் பொத்தான் தைக்கும் மனைவிதான் கல்யாணமான நாள்முதல் அத்தனையும் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

அப்பேர்ப்பட்டவர் இந்த மழைக்காலத்தில் அடங்கிப்போனார். தட்டில் பாதியை ஒதுக்கினார். கடை திறக்க வெயில் ஏறிவிடும். கேட்டால் "அசதி" என்பார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவளோ பார்த்தும் பார்க்காதவளாய் இருந்தாள். வீட்டில் சத்தம் இல்லையே, அது போதாதா?

"அண்ணனுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு அண்ணி," என்றாள் நாத்தனார்.

"கண்ணு வெச்சிடாதே தாயே," என்று இவளும் சிரித்தாள்.

இன்று காலை ஒருவர் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். பையின் கோடு விரற்கடை கீழே இறங்கிக் கிடந்தது. வெட்டித் தைத்ததெல்லாம் டெய்லரேதான். "விடுங்க, யாரு பாக்கப்போறாங்க," என்றார்.

அவள் ஊசியை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். இது பொறுமை இல்லை, வேறென்னவோ. வந்தவர் போனதும், வேண்டுமென்றே ஒரு சட்டையின் வலக்கையை இடப்பக்கம் வைத்து மூட்டி அவர் முன்னால் போட்டாள். பாழாய்ப்போன மனுஷன், ஒரு வார்த்தை திட்டித் தொலைக்கட்டுமே!

அவர் பார்த்தார். மடித்து ஓரமாக வைத்தார்.

"கண்ணு தெரியலையா? கையை மாத்தி வெச்சிருக்கேன். திட்டுங்களேன்!"

"திட்டணும்னு தெரியுது. கோவம் வரல." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எதுவுமே வரல. காலையில சட்டைய மாட்டவே தெம்பு இல்ல. படுத்தாத் தூக்கமும் இல்ல."

"எப்பலேர்ந்து?"

"மழைக்கு முன்னாடியே."

அவள் ஷட்டரைப் பாதி இறக்கினாள். "எந்திரிங்க. டாக்டர்கிட்ட போவோம்."

"காய்ச்சலா, அடிபட்டுச்சா? போய் என்னன்னு சொல்றது?"

"நான் சொல்றேன்." அவளுக்கு அழுகை முட்டியது. "இத்தனை நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவர் குனிந்து செருப்பைத் தேடினார்.

"நீ அடுப்படியில பாட்டெல்லாம் முணுமுணுக்க ஆரம்பிச்சிருந்தே," என்றார். "அதக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."