சரிவில் நின்ற லாரி

வானமும் கடலும் உள்ளவரை பிஜியில் தமிழ் சாகாது என்று ட்ராசா தமிழர் நலச் சபையின் தலைவர் பாலசுப்பிரமணி ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மேடையேறி அறிவிப்பார். அந்தப் பேச்சை எழுதிக் கொடுப்பவர் சபைப் பள்ளியின் கன்னையா மாஸ்டர். தலைவருக்குத் தமிழ் படிக்க வராது. எனவே இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுப்பார். யுத்தம் முடிந்து அமெரிக்கப் பட்டாளம் கப்பலேறிய சில வருஷங்களில் பள்ளியின் தமிழ் வகுப்பை மூடினார்கள். மிச்சமிருந்த பிள்ளைகள் 'அம்மா, ஆடு' வரை ஒழுங்காகச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் "நை சம்ஜா, மாஸ்டர்" என்று இந்தியில் புரியவில்லை எனச் சொல்லி ஜன்னல் வழியே கரும்பைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

மூடிய அன்று சாயங்காலமே தலைவர் கன்னையாவைத் தன் மளிகைக் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று காத்திருந்த கன்னையாவுக்குப் பயமெல்லாம் வீட்டைப் பற்றித்தான். பள்ளிக்குப் பின்னால் சபை கொடுத்த தகர வீடு. வேலை போனால் வீடும் போகும். மனைவி இந்திராவதிக்கு அது ஏழாம் மாதம்.

"மாஸ்டர், ஒங்கள நான் கைவிடுவேனா?" என்றார் தலைவர். "எங்கிட்ட லாரி இருக்கு. டிரைவரு ஷம்சு நின்னுட்டான். ஒரு வாத்தியாரு லாரி ஓட்டுறாருன்னா அது நம்ம சமூகத்துக்கே பெருமை இல்லியா?"

"எனக்கு சைக்கிளே சரியா வராதுங்க."

"தமிழ் இலக்கணம் வந்திச்சில்ல? இது அதவிட லேசு."

லாரி பட்டாளம் விட்டுப்போனது. பச்சைப் பெயின்டுக்கு மேல் சிவப்புப் பெயின்ட் அடித்து, நெற்றியில் 'தமிழ்த் தாய்' என்று எழுதியிருந்தார்கள். வேலையை விட்டுப் போகிற ஷம்சுதான் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். முதல் நாள் ஸ்டியரிங்கைத் தொடவே விடவில்லை. கன்னையாவைச் சக்கரத்துக்கு முன்னால் குனியச் சொன்னான்.

"இந்த ரெண்டு கல்லையும் பாத்துக்குங்க மாஸ்டர். சிகடோகா ஆத்துலேர்ந்து எடுத்தாந்தேன். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. தட்டைய கீழ போட்டு, உருண்டைய சக்கரத்துக்குக் குடுக்கணும். எங்க நிறுத்தினாலும் மொதல்ல கல்லு, அப்பறந்தான் பீடி."

"ஹேண்ட் பிரேக் இல்லியா?"

"இருக்கு. பாக்க நல்லாருக்கும்."

"கியர்ல போட்டு நிறுத்தினா?"

"கொஞ்சம் குலுங்கினா போதும், கியரு அதுவா கழண்டுக்கும். டக்குனு ஒரு சத்தம் வரும். அது கேட்டா ஓடிருங்க."

சமதரையில் நிறுத்தவும் வழியில்லை. பேட்டரி செத்துக் கிடந்ததால் சரிவில் நிறுத்தி உருட்டிவிட்டால்தான் இஞ்சின் பிடிக்கும். உருள்வதற்காகச் சரிவு, உருளாமலிருக்கக் கல். பிரேக்கைச் சரி செய்தால்தான் வண்டியை எடுப்பேன் என்று சொன்னதால்தான் ஷம்சுவின் வேலை போயிருந்தது. அவனுக்குச் சமூகப் பற்று போதாது என்று தலைவர் சபையில் வருத்தப்பட்டார்.

"நான் லாமிக்குப் போறேன் மாஸ்டர். அங்க பஸ் ஓட்ட கூப்பிட்டிருக்காங்க. அந்த பஸ்சுக்கு நிக்கத் தெரியும்." ஷம்சு சாவியைக் கொடுத்தான். "நீங்களும் ஒருநாள் வந்துருங்க பையா."

கன்னையா போகவில்லை. குழந்தை பிறந்தது. சிகடோகா பள்ளத்தாக்கில் முட்டைக்கோசும் பூசணியும் ஏற்றி, கப்பிச் சாலையில் சுவா மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புவதே அவர் வாழ்க்கையானது. சாக்பீஸ் பிடித்த விரல்கள் தடித்தன. இறக்கத்தில் பிரேக்கை மிதி மிதியென்று மிதித்து வலது முட்டி வீங்கியது. ராத்திரி தூக்கத்தில் அவர் கால் உதைத்துக்கொண்டே இருப்பதாக இந்திராவதி சொன்னாள். தலைவர் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

ஹேண்ட் பிரேக்கைப் பற்றி ஒருநாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"பூஜ முடியட்டும் கன்னையா," என்றார் தலைவர். "இந்த வருஷம் கரும்புக் கம்பெனி தொரை வராரு. பந்தல், பேண்டு, போட்டோக்காரன்... ஒரு சமயத்துல ஒண்ணுதான் பாக்க முடியும்."

ஆயுத பூஜை அன்று விடியும்போதே கன்னையா லாரியைக் கழுவிவிட்டார். பள்ளிக்கு மேலே சரிவில், மூக்கு கீழ்நோக்க, முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து நிறுத்தியிருந்தார். சரிவின் அடியில் பந்தல், மேடை. பந்தலின் பக்கத்திலேயே பெண்கள் அடுப்பு மூட்டிப் பெரிய அண்டாவில் சாம்பார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். இந்திராவதி குழந்தையை இடுப்பில் வைத்தபடி பூசணி நறுக்கினாள். கன்னையா லாரியிலிருந்து அண்டா வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு கல்லைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

தலைவர் கோட்டுப் போட்டுத் தலைப்பாகை கட்டி வந்தார். லாரிக்கு முன்னால் நின்றபோது தலைப்பாகையின் உச்சி அதன் முன்விளக்குக்குச் சமமாக இருந்தது.

"என்னய்யா இது கல்லு? சேறும் கிரீசுமா! போட்டோவுல இதுவுமா விழணும்?"

"ஹேண்ட் பிரேக் பிடிக்காதுங்க."

"எலுமிச்சம்பழம் வெக்கப் போறமில்ல?"

"அது பூஜைக்குங்க."

"நானும் பூஜையத்தான் சொல்றேன். நாலு சக்கரத்துக்கும் சாமி காவல் இருக்கு. ஒனக்கு சாமியவிட கல்லு பெருசா? எட்ரா அத."

"அப்ப நான் பிரேக்க மிதிச்சிக்கிட்டு உள்ளயே ஒக்காந்துக்கிறேன்."

"நீ உள்ள ஒக்காந்துட்டா தொரை கையால மால யாரு வாங்கிக்கிறது? தொழிலுக்கு மரியாதைன்னு பேச்சுல வருது. நீதான எழுதின?"

அவர்தான் எழுதியிருந்தார். கியரில் போட்டார், ஹேண்ட் பிரேக்கை மேலிழுத்தார், அது பார்க்க நன்றாக இருந்தது. சபைத் தொண்டர்கள் இரண்டு பேர் கற்களைத் தூக்கினார்கள்.

"எங்க வெக்கிறது?"

"கழுவி எங்கிட்ட கொண்டாங்க, சொல்றேன்," என்றபடி தலைவர் மேடைப் பக்கம் நடந்தார்.

துரை வந்தார். பேண்டு முழங்கியது. கரும்புக் கம்பெனி கிளப்பிலிருந்து இரவல் வாங்கிய இரண்டு உயரமான நாற்காலிகளில் துரையும் தலைவரும் சமமாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மேசை, மேசையிலிருந்து தரைவரை வெள்ளைத் துணி. வானமும் கடலும் உள்ளவரை என்று தலைவர் தொடங்கியபோது அவருடைய மகன் ரவீந்திரா கீழே நண்பனிடம், "கியா போலத்தா?" என்று, அப்பா என்ன சொல்கிறார் என இந்தியில் கேட்டான்.

கன்னையாவைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். அவர் மேடையில் நின்றாலும் கண் லாரி மேல்தான் இருந்தது. பூசாரி லாரிக்குச் சந்தனம் தடவி, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்தார். போட்டோக்காரன் கையசைத்ததும் தொண்டர்கள் அத்தனை பேரும் லாரியின் பின்பக்கம் தாவி ஏறினார்கள். லாரி ஒரு குலுங்கு குலுங்கியது.

டக்.

பேண்டுச் சத்தத்தில் அது கன்னையாவுக்கு மட்டும்தான் கேட்டது.

சக்கரம் மிக மெதுவாக, மரியாதையாக, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறியது. பழம் நசுங்கியதைப் பார்த்துக் கூட்டம் கைதட்டியது. பூஜை முடிந்தால் வண்டி பழத்தின் மேல் ஏறித்தானே ஆகவேண்டும்? பெண்கள் குலவை போட்டார்கள். பேண்டுக்காரர்கள் இன்னும் வேகமாக வாசித்தார்கள். மாலையோடு மேடையிலிருந்து குதித்துச் சரிவில் மேல்நோக்கி ஓடிய கன்னையாவைப் பார்த்து, "மாஸ்டருக்கு அதுக்குள்ள அவசரம்!" என்று யாரோ சிரித்தார்கள்.

அவர் போய்ச் சேர்ந்தபோது லாரி ஓடத் தொடங்கியிருந்தது. கதவுப் படியில் கால் வைத்தார். சந்தனம் வழுக்கியது. ஜன்னல் வழியே ஒரு கையை உள்ளே விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கினார். நேரே கீழே அண்டா, புகை, இந்திராவதியின் மஞ்சள் புடவை. உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு ஸ்டியரிங்கைத் தன் பக்கம் இழுத்தார். 'தமிழ்த் தாய்' திரும்பி, பந்தல் கயிற்றை அறுத்துக்கொண்டு, மூடிக் கிடந்த தமிழ் வகுப்பின் சுவரில் உரசி நின்றது. சுவருக்கும் லாரிக்கும் நடுவே கன்னையாவின் வலது கால் இருந்தது.

லௌடோகா ஆஸ்பத்திரியில் காலை முட்டிக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். நினைவு திரும்பியபோது கட்டிலருகே போலீஸ் சார்ஜென்ட் நின்றார். பக்கத்தில் ஆரஞ்சுப் பழங்களோடு தலைவர்.

"ஏன் கன்னையா கல்லு வெக்கல?" என்று தலைவர்தான் முதலில் கேட்டார்.

"நீங்கதான எடுக்கச் சொன்னீங்க."

"பாவம், மருந்து மயக்கம்," என்று சார்ஜென்டிடம் சொன்னார் தலைவர்.

பூஜைக்காகக் கல்லை எடுத்துவிட்டு எலுமிச்சம்பழம் வைத்தார்கள் என்பது சார்ஜென்டுக்கு நம்பும்படியாக இல்லை. சரிவு முழுக்கத் தேடச் சொன்னார். கல் கிடைக்கவில்லை. தொண்டர்களைக் கேட்டார். அவர்கள் தலைவரைப் பார்த்தார்கள். பிறகு தெரியாது என்றார்கள். டிரைவரின் கவனக்குறைவு என்று முடிந்தது. வீட்டைப் புது டிரைவருக்குக் காலி செய்து தரவேண்டும் என்று சபை வருத்தத்தோடு தீர்மானித்தது.

காலி செய்வதற்கு முன்னால் பந்தலைப் பிரித்துத் துணிகளைத் துவைத்துக் கொடுக்கும்படி இந்திராவதிக்குச் சொல்லியனுப்பினார்கள். அவள் குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு மேடையேறி, மேசையின் வெள்ளைத் துணியை உருவினாள்.

தலைவரின் நாற்காலிக்கு முன்னால் இரண்டு கற்களும் அருகருகே, தட்டைப் பக்கம் மேலாக இருந்தன. அவற்றின் மேல் பூட்ஸ் பாலிஷ் ஒட்டியிருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தலைவருக்குக் கால் தரையை எட்டாது.