ஒரு போல்ட்டும் ஒரு பொய்யும்

வயர்மேன் காலையில் கடைக்கு வந்ததும் செய்கிற முதல் வேலை ஷட்டரைத் தூக்குவது. இரண்டாவது வேலை, எதிர்ப்பக்கம் இருக்கும் மச்சான் கடை வாசலில் எத்தனை கார் நிற்கிறது என்று எண்ணுவது. அன்று நான்கு நின்றன. தன் கடை வாசலில் ஒரு நாய் மட்டும் சுருண்டு படுத்திருந்தது. அதைக் கார் கணக்கில் சேர்க்க முடியாதே! எரிச்சலோடு அதை விரட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மச்சான் என்றால் சும்மா வாய்ப்பேச்சுக்கு மச்சான் இல்லை, மனைவியின் கூடப்பிறந்த தம்பி. வயர்மேன் இருபது வருடமாகக் கார்களுக்கு வயரிங் பார்க்கிறவர். மச்சான் கடை போட்டு மூன்று வருடம்தான் ஆகிறது. கார்களில் விதவிதமான எல்.இ.டி. விளக்குகள் பொருத்துவது அவன் தொழில். முகப்பில் புருவம் போல ஒரு வெள்ளைக் கோடு, கதவைத் திறந்தால் காலடியில் வெளிச்சம் என்று கேட்டவர் கேட்டபடி செய்து கொடுப்பான். வீட்டிலும் அவன் பாட்டுத்தான். "தம்பி வேலைன்னா அவ்ளோ சுத்தமாம், எல்லாரும் சொல்றாங்க" என்று மனைவி பூரித்துப் போகும்போதெல்லாம் வயர்மேனுக்குச் சோறு இறங்காது. நெஞ்சு கரிக்கும். வாயு என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொள்வார். வாயுவாவது, மாத்திரையாவது! அப்பட்டமான பொறாமை, வேறென்ன?

மறுநாள் மச்சான் கடையைப் பூட்டிவிட்டு, மாசமாக இருக்கும் மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தான். அன்றைக்கென்று பார்த்து டிரைவிங் டீச்சர் வந்து சேர்ந்தார். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற அம்மா.

"அண்ணே, உங்க மச்சான் கடை பூட்டியிருக்கு. அவர் போட்ட லைட்டுதான். வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டா இந்த வெள்ளைப் பட்டையும் கூடச் சேர்ந்து துடிக்குது. கத்துக்க வர்ற பொண்ணுங்க பயந்துக்கறாங்க."

பானெட்டைத் திறந்ததுமே, "யாரு பண்ண வேலைம்மா இது?" என்றார் வயர்மேன். இப்போதுதானே அந்த அம்மா சொன்னார்! ஆனாலும் இந்தத் தொழிலில் அப்படித்தான். அந்தக் கேள்வியைக் கேட்டு முகத்தைச் சுளித்த பிறகுதான் கை உள்ளே போகும்.

குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்று பார்த்தார். பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் இருந்தது. ரிலே இருந்தது. வயர்கள் உரசாமல் உறைக்குள் போயிருந்தன. ஒவ்வொரு முனையிலும் இடது, வலது என்று பொடி எழுத்தில் சீட்டு வேறு ஒட்டியிருந்தது. 'சனியன், அழகா வேற பண்ணித் தொலைச்சிருக்கான்' என்று மனசுக்குள் கறுவினார்.

மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுப் பட்டை விளக்கில் வைத்தால் ஏழுக்கு இறங்கி இறங்கி ஏறியது. ஒரு துண்டு வயரை எடுத்து, பேட்டரியின் மைனஸிலிருந்து விளக்கின் கறுப்பு வயருக்கு நேராகக் கொடுத்தார். துடிப்பு சட்டென்று நின்றுவிட்டது. அப்படியென்றால் எர்த்தில்தான், அதாவது கரண்ட் காரின் இரும்பு உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிற இடத்தில்தான் கோளாறு. கறுப்பு வயர் போய் முடிகிற போல்ட்டைத் தேடிப் பிடித்தார்.

"முன்பக்கம் ஏதாவது வேலை பாத்தீங்களாம்மா?"

"ஆமாண்ணே, போன மாசம் ஒரு பொண்ணு கேட்ல கொண்டுபோய் இடிச்சிட்டா. தட்டி எடுத்து பெயிண்ட் அடிச்சாங்க."

விஷயம் அவ்வளவுதான். பெயிண்ட் அடித்தவர் எர்த் போல்ட்டைக் கழற்றி, திரும்பப் பெயிண்டுக்கு மேலேயே முடுக்கிவிட்டார். பெயிண்ட் தடுத்தால் கரண்ட் எப்படிப் போகும்? மச்சான் மேல் ஒரு தப்பும் இல்லை. வயர்மேன் உப்புத்தாளால் அந்த இடத்தைப் பளிச்சென்று தேய்த்து, போல்ட்டை இறுக்கினார். ஐந்து நிமிடத்தில் கோளாறு சரியாகிவிட்டது.

இதை அப்படியே சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை.

"நல்ல வேளை, இன்னைக்கு வந்தீங்க. வயரிங்கே மொத்தமும் தப்பு. இன்னும் பத்து நாள் ஓட்டியிருந்தீங்கன்னா வண்டி தீப்பிடிச்சிருக்கும்."

"ஐயய்யோ! என்னண்ணே சொல்றீங்க?" என்று அந்த அம்மா நெஞ்சில் கைவைத்தார். வயர்மேன் ஒரு மணி நேரம் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, மச்சான் போட்ட நல்ல வயர் மேலேயே புது டேப்பைச் சுற்றி, "எல்லாத்தையும் மாத்திட்டேன்" என்று சொல்லி அனுப்பினார். அன்று வீட்டில் சோறு நன்றாகவே இறங்கியது.

டீச்சர் தன்னிடம் கற்றுக்கொள்கிறவர்களிடம் சொன்னார். அவர்கள் வீட்டில் சொன்னார்கள், வீட்டுக்காரர்கள் வேலை பார்க்கிற இடத்தில் சொன்னார்கள். ஒரு வாரத்தில் மச்சான் கடை ஈயடித்தது. வயர்மேன் கடை வாசலில் கார் நிற்க ஆரம்பித்தது. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எத்தனை நாளைக்கு? எட்டாம் நாள் காலையில் பார்த்தால் மச்சான் கடை வாசலில் ஆறு கார்!

மறுபடியும் நெஞ்சு கரித்தது. என்னதான் நடக்கிறது என்று பார்க்கச் சாலையைக் கடந்து போனார். மச்சான் ஒரு காரின் முன்னால் குனிந்து வயர்களை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது.

"என்ன மாப்ள, கூட்டம் அள்ளுது?"

"கூட்டம் இல்ல மாமா. நானேதான் ஃபோன் பண்ணி வரச் சொன்னேன். இதுவரைக்கும் லைட் போட்ட வண்டி எல்லாத்தையும் கூப்பிட்டுக் கழட்டிட்டு இருக்கேன்."

"கழட்டறியா? ஏன்டா?"

"நீங்க பாத்துச் சொன்னா தப்பா இருக்குமா? டீச்சரம்மா வண்டியைத் தொடவே விடல. உங்ககிட்ட கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. எங்க தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியல மாமா. எந்த வண்டி, புள்ளைங்களை வெச்சுக்கிட்டுப் போறப்ப எரியுமோன்னு தூக்கமே வரல. எல்லாத்தையும் கழட்டி முடிச்சதும் கடையைக் காலி பண்றேன்னு ஓனர்கிட்ட சொல்லிட்டேன். அக்காகிட்ட இப்ப சொல்லாதீங்க, அழும்."

தரையில் வெட்டிப் போட்ட வயர்கள் கிடந்தன. வயர்மேன் ஒன்றை எடுத்துப் பார்த்தார். அப்பழுக்கில்லாத வேலை. இந்தக் கடையை மூட வேண்டும் என்றுதானே மூன்று வருடமாக வயிறெரிந்தார்? இதோ, கண்ணெதிரே மூடப் போகிறான். சந்தோஷம் வரவில்லை, அவமானத்தில் உடம்பு கூசியது. மச்சான் அடுத்த வயரை வெட்டப் போனபோது அவன் கையைப் பிடித்துவிட்டார்.

"வெட்டாதடா! அந்த டீச்சர் வண்டியில இப்பவும் உன் வயர்தான்டா இருக்கு. பெயிண்ட் அடிச்சவன் எர்த் போல்ட்டைச் சரியா மாட்டல. அதைத் தேய்ச்சு முடுக்கினேன், வேற ஒண்ணுமே பண்ணல. தீப்பிடிக்கும்னு சொன்னது பொய்."

காருக்குச் சொந்தக்காரர்கள் ஆறு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நாலு வார்த்தை திட்டுவான், சட்டையைப் பிடிப்பான் என்று வயர்மேன் காத்திருந்தார். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப என் வேலை சரியாத்தான் இருந்துச்சா மாமா?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. வயர்மேன் அங்கேயே நின்று, ஆறு பேருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் டீச்சருக்கு ஃபோன் போட்டார். போல்ட்டில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

"இவன் மேல இருந்த பொறாமையில சொன்னேன்மா. இவன் கடைக்கு நாலு வண்டி வந்ததால என் வேலை ஒண்ணும் குறைஞ்சு போகல. இவன் வேலை மட்டம்னு பொய் சொன்னேன் பாருங்க, அப்பதான் நான் மட்டமாயிட்டேன். அடுத்தவன் உழைப்பைக் கெடுத்துப் பேசி யாரும் உசந்துட முடியாதும்மா."



"நானும் தப்புதான் பண்ணியிருக்கேன்" என்றார் டீச்சர். "அந்தத் தம்பியை ஒரு வார்த்தை கேக்காம, நீங்க சொன்னதை நூறு பேருக்குச் சொல்லிட்டேன். பொய்யை எத்தனை பேருக்குச் சொன்னோமோ, உண்மையையும் அத்தனை பேருக்கும் சொல்லணும். கடையைப் பூட்டிட்டு வாங்கண்ணே. நானே வண்டி ஓட்டறேன். வீடு வீடா நீங்க இறங்கி, உங்க வாயாலயே சொல்லுங்க."