ஐந்து நிமிடத்தில் இரண்டு உலகப் போர்கள்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், உலகப் போர்கள் எந்த இடத்தில் திசை திரும்பின என்ற கேள்விக்கு, குனோங் ராபாட் குடியிருப்போர் சங்கத்தின் பொது மண்டபத்தில், வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, இறுதி முடிவு வழங்கப்படும். முடிவை வழங்குபவர் கார்த்திகேசு. மறுபேச்சுக்கு இடமில்லை.

அறிவிப்பில் ஒரு சிறு செய்தி விட்டுப்போயிருந்தது. கார்த்திகேசுவுக்குப் பேச்சு திரும்பி வந்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

போன தீபாவளிக்கு மறுநாள் பக்கவாதம் வந்தது. ஈப்போவில் காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். அவர் வாயிலிருந்த சொற்கள் கடைசி நிறுத்தத்தில் மொத்தமாக இறங்கிப் போய்விட்டன. பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தந்த பெண் கோப்பை, குடை, பூனை என்று படம் படமாகக் காட்டினாள். தங்கமான பெண். ஆனால் பூனையைப் பற்றிச் சொல்ல கார்த்திகேசுவிடம் எப்போதுமே ஒன்றும் இருந்ததில்லை. அவர் உயிர் முழுக்க உலகப் போரில் இருந்தது.

டிவியில் டாங்கிகள் ஓடியபோது அவர் உதடு அசைந்ததைக் கவனித்தவள் மனைவி சாந்தினி. மறுநாள் முதல் பயிற்சி சமையலறைக்கு இடம் மாறியது.

"ஸ்டாலின்கிராட் சொல்லுங்க. சொன்னாத்தான் மீனு."

"ஸ்... ஸ்டா..."

"பாதி ஊருக்குப் பாதி மீனு. இந்தாங்க, வாலு."

ஸ்டாலின்கிராட் மருந்தா மாத்திரையா என்று சாந்தினிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. கைப்பேசியைப் பார்த்துக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வாள். மிட்வேயில் மூழ்கியது என்ன என்று வாரக்கணக்கில் கேட்டாள். ஒரு மத்தியானம், ரசத்துக்கு நடுவில், "கப்பல்" என்றார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எத்தன?"

"நாலு. பெருசு."

ஜப்பான்காரனுடைய விமானம் தாங்கிக் கப்பல்கள் மூழ்கியதற்காக, இத்தனை வருடம் கழித்து, பேராக் மாநிலத்தில் ஒரு வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

இதற்கெல்லாம் நன்றி சொல்ல அவர் வீட்டில் பலமுறை முயன்றார். "சாந்தினி, நான் ஒனக்கு..." என்று தொடங்கினால், "ஆறிப்போவுது, சாப்புடுங்க" என்று வெட்டிவிடுவாள். வெட்டுப்பட்டால் சொல் மறுபடி கிடைக்காது. அதனால்தான் சங்கத்தில் பேசச் சொல்லிக் கேட்டதும் ஒப்புக்கொண்டார். மைக் முன்னால் நிற்கிற மனிதரைச் சாப்பிடச் சொல்ல முடியாதல்லவா? போரெல்லாம் முன்னுரை, அவருக்கு வேண்டியது அந்தக் கடைசி வாக்கியம்.

ஞாயிறும் வந்தது. வரவேற்புரையில் மேடையில் வீற்றிருந்த எல்லோரையும் வரவேற்றார்கள். வாழ்த்துரையில் வரவேற்றவரை வாழ்த்தினார்கள். சங்கத் தலைவர் ஸ்கந்தராஜா, ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, வரலாறு என்றால் என்ன என்று விளக்கப் புகுந்து, மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த இடத்திலேயே அரை மணி நேரம் குளிர்காய்ந்தார். பிறகு பொன்னாடைகள். ஒலிபெருக்கி வைத்தவருக்கும் ஒன்று விழுந்தது.

நிகழ்ச்சியை நடத்திய கனகராஜ் குனிந்து கார்த்திகேசுவின் காதருகே வந்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அஞ்சு நிமிஷந்தான் இருக்கு. ரெண்டு போரையும் அதுக்குள்ள முடிச்சிருங்க. பகலுக்குக் கல்யாண வீட்டுக்காரங்களுக்கு மண்டபத்த விடணும்லா."

"மொதப் போரு... வேணாம்."

"அதுவும் சரிதாண்ணே. பழசு."

சாந்தினி எழுந்து வந்து சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "ஆளுங்க மூஞ்சியப் பாக்காதீங்க, வார்த்த ஓடிரும். எதுத்த செவுத்தையே பாத்துப் பேசுங்க."

சுவரைப் பார்த்துப் பேசினார். ஸ்டாலின்கிராட் ஒரே மூச்சில் வந்தது. மிட்வே வந்தது. பிறகு கம்பாருக்கு வந்தார்.

"நாப்பத்தொண்ணு கடைசியில நம்ம கம்பார்ல பிரிட்டிஷ்காரன், பஞ்சாபி, கூர்க்கா எல்லாம் நின்னு, ஜப்பான்காரன நாலு நாளு நிறுத்தி வச்சாங்க. நேரா மோதி அவனால முடியல. அப்ப கடல் பக்கமா படகுல போயி... ஹு... ஹு..."

சொல் நின்றுவிட்டது. சுவரிலும் எழுதியிருக்கவில்லை. மண்டபம் நெளிந்தது.

"எறாலு வாங்கப் போவோமே, அந்த ஊராண்ணே?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ஹுத்தான் மெலிந்தாங்," என்றார் கார்த்திகேசு, கரை ஏறியவர் போல. "நன்றி தம்பி. அங்கதான் எறங்கினான். முன்வாசல்ல ஆவாதது பின்வாசல்ல ஆயிருச்சு. கம்பார விட்டுட்டுப் போவ வேண்டியதாச்சு."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"எனக்கும் அப்படித்தான். டாக்டருங்க நேரா நின்னு பாத்தாங்க. நல்லாத்தான் பாத்தாங்க. எஞ்சம்சாரம் அடுப்படி வழியா வந்தா. நான் தட்டத் தள்ளிவிட்ட அன்னிக்கும் வந்தா. சாந்தினி, இப்ப என் வாயில இருக்கிற ஒவ்வொரு வார்த்தையும் நீ ஊட்டுனது. ரொம்ப நன்றிம்மா."

முழு வாக்கியம். எந்த இடத்திலும் இடறவில்லை. மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. ஸ்கந்தராஜா பொன்னாடை நுனியால் கண்ணைத் துடைத்தார். ஜரிகை உறுத்தியதால் கண்ணீர் கூடுதலாகவே வந்தது. அந்த மனிதரைக்கூட அந்த நேரத்தில் கார்த்திகேசுவுக்குப் பிடித்திருந்தது. அத்தனை பேருக்கும் கை கூப்பிவிட்டு, அப்போதுதான் சுவரை விட்டுக் கண்ணை இறக்கி, அவள் நாற்காலியைத் தேடினார். அதில் கைப்பை மட்டும் இருந்தது.

அவர் சாப்பிட்டுப் போடும் மாத்திரைக்கு நேரம் நெருங்கியதால், சாந்தினி மண்டபத்துக்குப் பின்னால் மீகூன் சேமியா வாங்க வரிசையில் நின்றிருந்தாள். பேச்சில் ஒரு சொல்கூட அவள் காதில் விழவில்லை.