ஜன்னலோரத்துத் துண்டு

பொங்கல் கழிந்த நான்காம் நாள் காலை, ஏகாம்பரகுப்பம் விசைத்தறித் தெருவில் கன்னையாவின் வீடு ஏழடி வடக்கே நகர்ந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, மாடியில் தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒன்றாகவே நகர்ந்தன. வாசலில் இருந்த துளசிச் செடி மட்டும் பழைய இடத்தில் நின்றுவிட்டது. அன்று நகரி மார்க்கெட்டில் தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய். தெருக்காரர்கள் முதலில் கவனித்தது வீட்டை அல்ல, இழுபட்டு விறைத்துக்கொண்டிருந்த கரண்ட் ஒயரைத்தான். லைன்மேன் வந்து இருபதடி ஒயர் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, இனிமேல் நகர்வதாக இருந்தால் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு போனார்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கன்னையா முப்பத்திரண்டு வருஷம் ஆர்.டி.சி. கண்டக்டர், நகரி–திருப்பதி வண்டி. ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம் கழித்து அவருக்கு மறதி வந்தது. முதலில் மூக்குக் கண்ணாடி, பிறகு சாப்பிட்டோமா இல்லையா என்பது, பிறகு வீட்டில் இருக்கிற ஒரே மனுஷியான தங்கை இந்திராணி என்று வரிசையாக ஒவ்வொன்றாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. மிஞ்சியது வேலை மட்டும். காலையில் எழுந்ததும் சுவரில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, “ரைட் ரைட்” என்பார். முதல் ஒரு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் வீடு புறப்பட ஆரம்பித்தது; தினமும் அல்ல, வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ. டிரைவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு தட்டினால் புறப்படுவது, ஒரு தட்டினால் நிற்பது என்பது எந்த வண்டிக்கும் பொது. அந்த ஒரு தட்டைத்தான் அவரிடமிருந்து யாராலும் வாங்க முடியவில்லை. வீடே களைத்துப்போய் நின்றால்தான் உண்டு.

இந்திராணிக்கு அறுபத்து நாலு வயது. நகரி ஸ்கூலில் தமிழ் மீடியம் டீச்சராக இருந்தவள். புருஷன் போனபிறகு, கல்யாணமே செய்துகொள்ளாத அண்ணனோடு வந்து இருந்துவிட்டாள். தெருவில் அவளுடைய சுத்தம் பிரசித்தம். கன்னையாவோ ஜன்னலோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பச்சைக்கரைத் துண்டு ஒன்றைப் போட்டு வைத்து, அதில் யாரையும் உட்கார விடமாட்டார். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்த சீட்டில் கலெக்டரே வந்தாலும் உட்காரக் கூடாது என்பது அந்தப் பக்கத்துச் சட்டம். இந்திராணிக்கு அது அழுக்குத் துண்டு, அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு முறை அதை எடுத்துத் துவைத்துப்போட்டு, நாற்காலியில் மடித்த துணிகளை அடுக்குவாள். அண்ணன் கத்துவார்.

“எடுக்காதம்மா அத. ஆளு வருது.”

“எந்த ஆளும் வரல அண்ணா. நீ மொதல்ல இட்லிய துன்னு.”

துண்டு கொடியில் காய்ந்த நாள்களில் வீடு ஏழடிக்குப் பதில் இருபதடி போனது. இரண்டையும் அவள் சேர்த்துப் பார்க்கவில்லை. மறதி அண்ணனுக்கு என்றுதான் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். தங்கைக்கும் கொஞ்சம் இருந்தது, அதை யாரும் எழுதவில்லை.

மாசிக் கடைசியில் கிராம ஆபீஸான சச்சிவாலயத்திலிருந்து சர்வேயர் சுரேஷ்பாபு டேப்போடு வந்தார். வீட்டைச் சுற்றி இரண்டு முறை நடந்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“டீச்சர்காரு, உங்க இல்லு, இந்த வூடு, போயி எதிர்வூட்டுப் பட்டாவுல கால் வெச்சிடுச்சி. நேனேம் ராயாலி? என்னன்னு எழுதறது நானு?”

வந்துபோகும் கட்டடம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள் இந்திராணி. அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். அவருக்கு வேலை முடிந்தது. இவளுக்கு முடியவில்லை, ஏனென்றால் தெருக்கோடியில் ரயில் பாதை இருந்தது. தை மாதம் முந்நூறடி தள்ளியிருந்த தண்டவாளம் இப்போது நூற்றைம்பதடி. அடுத்த வாரமே ரயில்வேயிலிருந்து கடிதம் வந்தது: நகரும் கட்டடங்கள் பாதைக்கு நூறடிக்குள் வரக் கூடாது. காலையில் எழுந்ததும் இந்திராணியின் முதல் வேலை தண்டவாளம் வரை அளப்பது என்றாகிவிட்டது. சமைக்கும்போதும் ஒரு காது சுவர்ப் பக்கமே இருந்தது. பெங்களூரிலிருந்து மகன் மணிவேல் தினமும் போன் செய்தான்.

“மா, அவர ஒரு ஹோம்ல சேத்துடு. நீயும் சேந்து ரயில்ல அடிபடப் போறியா?”

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கொண்டுபோய் விட்டால் வளர்த்த அண்ணனை விரட்டியவள்; விடாவிட்டால் ஒருநாள் இருவரும் சென்னை எக்ஸ்பிரஸ்ஸுக்குக் கீழே. அப்பா சாகும்போது அவளுக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதினெட்டு. சோறு போட்டுப் படிக்க வைத்ததெல்லாம் அவர்தான். ஆனாலும் ஒருநாள் மணிவேல் அனுப்பிய இருபத்திரண்டு கேள்விகளைப் பேப்பரில் எழுதிக்கொண்டு, அண்ணனையும் அவருடைய துண்டையும் அழைத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் சித்தூர். அவளுக்கு இலவச டிக்கெட், அண்ணனுக்கு ரிட்டயர் ஆனவர் பாஸ். பஸ்ஸில் கன்னையா உட்காரவே இல்லை. கம்பியைப் பிடிக்காமல் கடைசிவரை நின்றுகொண்டு, கூட்டத்தை முன்னால் போகச் சொல்லி அதட்டிக்கொண்டே வந்தார். அந்த ஹோம் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்னால் இருந்தது. நடத்துகிறவர் வாய் ஓயாமல் பேசினார். எங்க பில்டிங் ஒரு இஞ்ச் அசையாது, கேரண்டி. காலையில ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை, ஆளும் அசையமாட்டார் என்றார். கேள்விகளுக்கெல்லாம் டக் டக்கென்று பதில் வந்தது. கன்னையா வராந்தாவில் ஒரு நாற்காலியைத் தேர்ந்தெடுத்துத் துண்டைப் போட்டார். நடத்துகிறவர் அதன்மேலேயே உட்கார்ந்து பேச்சைத் தொடர்ந்தார். கட்டில்களின் பக்கக் கம்பிகளில், கை வருகிற உயரத்தில், துணிப்பட்டைகள் முடிச்சிட்டுத் தொங்கின. துவைத்து மடித்த சுத்தமான பட்டைகள். எதற்கு என்று கேட்டாள். விழாமல் இருக்க என்றார்கள். கடைசிக் கட்டிலில் இருந்த ஒரு அம்மாள் இந்திராணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ஊருக்குக் கூட்டிக்கொண்டு போ என்றாள். ஆயா வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அந்தப் பட்டைகளில் அண்ணனின் மணிக்கட்டை நினைத்துப் பார்த்ததும் இந்திராணி துண்டை உருவி எடுத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள். பாத்ரூமைப் பார்க்காமலேயே திரும்பிவிட்டாள்.

அன்று வீடு திரும்பியபோது தண்டவாளம் நூற்றுப்பத்தடி.

இரண்டாவது திருப்பதியில், ஐந்து மாடி. மணிவேல் நெட்டில் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. லிஃப்ட் உண்டு, தரை கண்ணாடியாகப் பளபளத்தது, அப்பா அம்மா என்ன செய்கிறார்கள் என்று பிள்ளைகள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். இருபத்திரண்டில் இருபத்தொன்று தேறியது. ஒருநாள் வைத்துப் பார்க்கலாம் என்று கன்னையாவைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் துண்டைப் போட்டார். ஒரு நர்ஸ் சிரித்த முகத்தோடு அதை எடுத்து, பிளாஸ்டிக் கவரில் வைத்து, கட்டில் நம்பர் எழுதி உள்ளே அனுப்பினாள். கன்னையா சுவரில் இரண்டு தட்டு தட்டினார். ஐந்து மாடியும் ஒரு சாண் வடக்கே போயின. லிஃப்ட் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. உள்ளே ஒரு ரிட்டயர்டு தாசில்தார் இருந்தார். மேனேஜர் மிகவும் மரியாதையாக வந்து, “ஃபேமிலி கேர்தான் பெஸ்ட் மேடம்” என்று துண்டைக் கவரோடு திருப்பிக் கொடுத்தார்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அண்ணனை ஊர் ஊராக விற்றுக்கொண்டு திரிகிறாள் டீச்சர் என்று தெருவில் பேசினார்கள். அதே வாய்தான், வீடு ரயிலில் அடிபட்டால் எங்கள் தறிக்குக் கரண்ட் போய்விடும், சீக்கிரம் ஏதாவது செய் என்றும் சொன்னது. சித்திரை பிறந்தபோது தண்டவாளம் ஐம்பத்தெட்டடி. ரயில் போகும்போது அலமாரிப் பாத்திரங்கள் குலுங்கின. இந்திராணி முக்கியமான பேப்பர்களையெல்லாம் ஒரு பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வீட்டு வேலை செய்தாள்.

மூன்றாவதாகப் போனது திருச்சானூர். கோயிலுக்குப் பின்னால், லாட்ஜுகள் இருக்கும் தெருவில், ஒற்றை மாடி வீடு. பதினோரு பேர் இருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். சாம்பார் தண்ணியாக இருந்தது. டாக்டர் வாரத்துக்கு ஒருமுறைதான். பாத்ரூம் கைப்பிடிக் கம்பி ஆடியது. கேமரா இல்லை. இருபத்திரண்டில் ஒன்பதுகூடத் தேறாது என்று கணக்குப் போட்டு, இதுவும் இல்லையென்றால் எங்கே போவது என்று பேப்பரை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். கட்டில்களில் பட்டைகள் இல்லை என்பது மட்டும் ஆறுதல். அதற்குள் கன்னையா கூடத்து ஜன்னலோர நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு, சுவரில் இரண்டு தட்டு தட்டிவிட்டார்.

ஹோம் புறப்பட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் தட்டில் சாம்பார் ஓரத்துக்கு வந்தது. பயத்தில் இந்திராணி ஓடிப்போய்த் துண்டை எடுக்கப் போனாள். அங்கே பரிமாறிக்கொண்டிருந்த யசோதா என்கிற வேலைக்காரம்மா, வெதுருகுப்பத்துக்காரி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்திக்கொண்டாள். துண்டைத் தொடவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கன்னையாவிடம் கேட்டாள்:

“கண்டக்டர் சார், இந்த சீட்டு யாருக்கு?”

இத்தனை மாதத்தில் அதை யாருமே கேட்டதில்லை.

“என் தங்கச்சிக்கும்மா. ட்ரெயினிங் ஸ்கூல்ல டீச்சருக்குப் படிச்சிக்கினு இருக்குது. சாயங்காலம் கூட்டத்துல அதுக்கு எடம் கெடைக்காது, அதான் துண்டு போட்டுக்கினு வரேன். அது ஏறாம நான் வண்டி எடுத்ததில்ல.”

ஹோம் தெருவில் இருநூறடி போயிற்று. கன்னையா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, சுவரில் ஒரே ஒரு தட்டு தட்டினார். நின்றது. எதிரே மூன்று மாடி லாட்ஜ். அதன் வாசலில் பாதி வெட்டப்பட்ட புளியமரம். இந்திராணி மரத்தைப் பார்த்தாள். லாட்ஜ் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில்தான் அவளுடைய ட்ரெயினிங் ஸ்கூல் இருந்தது. இரண்டு வருஷம், மாலை நாலே முக்காலுக்கு, அந்த மரத்தடியில்தான் அவள் பஸ்ஸுக்கு நின்றாள். அவள் ஓடிவரும்வரை வண்டியை நிறுத்தி வைத்து, பிரயாணிகளிடம் அண்ணன் வாங்காத திட்டு இல்லை. வீடு தைமாதத்திலிருந்து ரயிலில் விழப் புறப்படவில்லை, அவளைக் கூட்டிவரத்தான் புறப்பட்டிருக்கிறது. அவள்தான் வாரத்துக்கு இரண்டு முறை தன் இடத்தைத் தானே காலி செய்து, அவரைப் பதற வைத்திருக்கிறாள்.

பேப்பர்ப் பையைத் தோளில் மாட்டியபடி வாசற்படி இறங்கி வெளியே போனாள். மரத்தடியில் நின்றாள். பிறகு ஓடிவந்து ஏறினாள். அறுபத்து நாலு வயதில் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு.

“அண்ணா, நான்தான். இந்திராணி.”

கன்னையா அவளுடைய நரைத்த தலையைப் பார்த்தார். கோபப்படவில்லை.

“என் தங்கச்சிக்கு இருபது வயசும்மா. முன்னால போயி நில்லு. அந்த சீட்டுல உக்காராத, ஆளு வருது.”

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யசோதா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று நிமிஷம் காத்திருந்துவிட்டு, இன்னிக்கு ஸ்பெஷல் கிளாஸ் போலிருக்குது என்று சொல்லிக்கொண்டு, கன்னையா இரண்டு தட்டு தட்டினார். ஹோம் பழைய இடத்துக்குத் திரும்பி வந்து நின்றது. இந்திராணி இருபத்திரண்டு கேள்விகளையும் மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டாள். ஆடுகிற கைப்பிடிக் கம்பியை நாளைக்கே சரிசெய்ய வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னாள். சரிசெய்தார்கள்.

ஏகாம்பரகுப்பத்து வீடு தண்டவாளத்துக்கு நாற்பத்தொரு அடியில் நின்றது, நின்றதுதான். சுரேஷ்பாபு அதற்குப் புது நம்பர் கொடுத்தார். ரயில்வேக்காரர்கள் அது இனி நகராது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். இந்திராணி தினமும் மத்தியானம் நகரியில் பஸ் ஏறி, நாலே முக்காலுக்குப் புளியமரத்தடியில் வந்து நிற்கிறாள். ஹோம் வரும். ஏறிக்கொண்டு, துண்டு போட்ட நாற்காலிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி, இருநூறடி தூரம் போவாள். ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த நேரத்துக்கு வண்டியை ஓரம் கட்டிவிடுவார்கள். கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் சிலர் போட்டோ எடுப்பார்கள். போட்டோவில் அது சாதாரண வீடாகத்தான் விழும்.

ஹோமில் சேர்ந்தபின் வந்த இரண்டாவது ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை. இந்திராணி முழங்கால் வலியோடு, புடவை சொட்டச் சொட்ட ஏறினாள். வழக்கம்போல நின்றாள். கன்னையா ஜன்னல் வழியே மரத்தடியைப் பார்த்தார், அவளுடைய காலைப் பார்த்தார், மறுபடி மரத்தடியைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து உதறி, நாலாக மடித்து, நாற்காலிக் கையின்மேல் வைத்தார்.

“அது வர்ற வரைக்கும் உக்காரும்மா. வந்துச்சின்னா எழுந்துடணும்.”

“சரிங்க” என்று சொல்லி இந்திராணி உட்கார்ந்தாள். அவர் சுவரில் இரண்டு தட்டு தட்டினார். அன்றிலிருந்து தினமும் அவள் அந்த இடத்தில்தான் உட்கார்ந்து போகிறாள்.