பதினோரு நிமிடம் இமைக்காதவர்கள்

ஓசூர் சிப்காட் கம்பெனி ஒன்றில் ஆயிரம் தொழிலாளிகளைப் பதினோரு நிமிடம் இமைகூடக் கொட்டாமல் நிற்க வைத்தவன் மாதவன். கொசு கடித்தும் ஒருவர் சொறியவில்லை. வாசலில் உறுமிய கம்பெனி பஸ்கள் பதினெட்டும் வெட்கப்பட்டு எஞ்சினை அணைத்துக்கொண்டன.

"ஏலே, பஸ்ஸ விட்டுட்டு எவம்லே நிப்பான்?" என்று நம்ப மறுத்தார் அவன் அப்பா பரமசிவம். திருநெல்வேலியிலிருந்து வந்து அதே கம்பெனியில் இருபது வருடமாகப் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். அன்றைக்கென்று காய்ச்சலில் படுத்திருந்தார்.

மாதவனுக்குச் சென்னைத் திரைப்படக் கல்லூரியில் கடைசி வருடம். "உன்னையே தேடிக் கண்டுபிடிச்சு, படமா எடுத்துட்டு வா" என்று ஆசிரியர் ஆளுக்கொரு பிலிம் டப்பா கொடுத்து அனுப்பியிருந்தார். படம் இல்லையென்றால் டிப்ளமோ இல்லை. மூன்று வாரம் டவுன் பஸ்ஸில் தன்னைத் தேடினான். மத்தூர் சந்தையில் இல்லை. கல்லாவியிலும் இல்லை. பேரிகைத் தக்காளித் தோட்டத்தில் நாய்தான் அவனைக் கண்டுபிடித்தது.

கடைசியில், ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ஷிப்ட் முடிந்து கூட்டம் தெறித்து ஓடுவதை எடுக்கக் கம்பெனி முற்றத்தில் கேமராவை நட்டான். செக்யூரிட்டி கங்கப்பன், வருடா வருடம் வரும் பூஜை போட்டோக்காரர் என்று நினைத்து சல்யூட் வைத்து உள்ளே விட்டிருந்தார். ஓடி வந்த கூட்டமும் அப்படியே நினைத்தது. குட்டையானவர்கள் முன்னே, நெட்டையானவர்கள் பின்னே, பித்தானைப் பூட்டி மூச்சைப் பிடித்து நின்றுவிட்டார்கள். போட்டோக்காரர் 'ஆச்சு' என்று சொல்லும்வரை அசையக் கூடாதே! மாதவன் சொல்லவில்லை. லென்ஸ் வழியே பார்த்தவனுக்கு, அந்த வரிசையில் தனக்கென்று ஓர் இடம் காலியாக இருப்பது தெரிந்தது. தன்னைக் கண்டுபிடித்துவிட்டான். பிலிம் தீரும்வரை, பதினோரு நிமிடமும் ஓட்டினான்.

வெளியே போகும் டிபன் டப்பாக்களைத் திறந்து பார்ப்பது கங்கப்பன் வேலை. "வேணாம்ணே!" என்று மாதவன் கத்தி முடிப்பதற்குள் பிலிம் டப்பாவைத் திறந்து, கறுப்புப் பையிலிருந்து சுருளையும் உருவி வெயிலில் பிடித்துவிட்டார். வெயில் பட்ட பிலிமில் ஒன்றும் மிஞ்சாது.

"ஏன் தம்பி அழுவறே? நான் ஒண்ணும் எடுத்துக்கலியே, அப்படியே இருக்குது பாரு!"

இன்னொரு டப்பா கிடையாது என்று கல்லூரியில் போனை வைத்துவிட்டார்கள்.

பூஜை முடிந்து வேலைக்குப் போன பரமசிவம், சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து மகன் முன்னால் உட்கார்ந்தார்.

"எடுத்தது என் மவன்னு தெரிஞ்சு அத்தன பேரும் என்னைய மறிச்சு போட்டோ எங்கன்னு கேக்காவ. கேன்டீன் சாந்தம்மா மாட்டுததுக்கு ஆணியே அடிச்சு வச்சிட்டாளாம்."

"என்னப்பா சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல?" அவர் தரையைப் பார்த்தார். "நின்னிருக்காவ, ஏலே... நின்னது நெசந்தான்."