கட்டில் எண் 13

என் தம்பி தான் எடுத்த படத்துக்கு வைத்த பெயர் ‘பதினோரு வருஷம்’. விநியோகஸ்தருக்கு அது அரை நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. “ஜெயில் படம்னு நினைப்பான் தம்பி,” என்றவர், ஏற்கெனவே செய்து வைத்திருந்த போஸ்டரைக் கைப்பேசியில் எங்கள் பக்கம் திருப்பினார். கறுப்புப் பின்னணி, ரத்தம் சொட்டும் எழுத்து. ‘கட்டில் எண் 13’.

“சார், படத்துல மொத்தமே ஒரு கட்டில்தான் இருக்கு,” என்றான் தம்பி.

“யாரு எண்ணப் போறா?”

அந்த ஒரு கட்டில் எங்கள் அம்மாவுடையது. பக்கவாதம் வந்து, சாகும்வரை பதினோரு வருஷம் அதில்தான் கிடந்தாள். அப்பா அவளைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டி, அவள் சொல்ல முடியாததையெல்லாம் கண்ணைப் பார்த்தே தெரிந்துகொண்டார். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. படம் அவ்வளவுதான். நாலு பேர் அமைதியாக உட்கார்ந்து அதைப் பார்ப்பதை அப்பா தன் கண்ணால் பார்க்க வேண்டும், தம்பிக்கு வேறு ஆசையே கிடையாது. ஆனால் இரண்டு வருஷமாக ஒரு தியேட்டரும் சீந்தவில்லை. பெயரை மாற்றினால் வெள்ளிக்கிழமையே ரிலீஸ் என்றார் விநியோகஸ்தர். தம்பி என்னைப் பார்த்தான். ட்ரெய்லர் வெட்டுவது என் பிழைப்பு. கூட்டம் எதற்கு வரும் என்று எனக்குத் தெரியாததா? மண்டையை ஆட்டித் தொலைத்தேன்.

ட்ரெய்லருக்கு உட்கார்ந்தால் முதலில் படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிடுவது என் வழக்கம். வசனம் காதில் விழுந்தால் கதை பிடித்து இழுத்துக்கொள்ளும். ஊமையாகப் பார்த்தால்தான் எந்த ஷாட் எடுபடும் என்று தெரியும். இதையும் அப்படியே ஓடவிட்டேன். அப்பாவாக நடித்தவரின் குரல் போனதும் படமே வேறாகிவிட்டது. அவருக்காகக் காத்திருக்கும் அம்மாவின் கண், யாரையோ காவு வாங்கக் காத்திருக்கும் கண்ணாக இருந்தது. போர்வைக்கு வெளியே நீளும் கையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதன் மேல் ஓர் அலறலை ஏற்றினேன். என்னை மாதிரி மகள் யாருக்கும் வாய்க்கக் கூடாது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் வெட்டியதிலேயே அதுதான் நன்றாக வந்தது. இரண்டே நாளில் ஊரெல்லாம் அதே பேச்சு.

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி நிறைந்துவிட்டது. இஸ்திரி போட்ட சட்டையில் அப்பா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். “அடேயப்பா, இத்தனை பேரா!” என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

முதல் அரை மணி நேரம் பொறுத்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான் கூப்பிட்டுத்தானே வந்தார்கள். அப்புறம் எவனோ கத்தினான், “பேயை எப்படா விடுவீங்க?” திரையில் கணவன் மனைவியின் முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தான். “மேக்கப் முடிஞ்சதும் வரும்டா!” என்று பதில் வந்தது. அரங்கமே அதிர்ந்தது. போர்வையிலிருந்து கை நீண்டபோது, ட்ரெய்லரில் நான் போட்ட அலறலை ஒரு கும்பலே சேர்ந்து போட்டது. தம்பி முழங்காலுக்கு நடுவில் தலையைப் புதைத்துக்கொண்டான். அங்கங்கே நாற்காலிகள் படபடவென்று மடிய ஆரம்பித்தன.

“போயிடலாம்ப்பா,” என்றேன்.

அவர் தம்பியின் குனிந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் நாலு பையன்கள் எழுந்தார்கள். அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவர்கள் பக்கம் திரும்பினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“உக்காருங்கப்பா, கிளம்பிடாதீங்க,” என்றார். குரல் கெஞ்சியது. “எனக்குக் கதை தெரியும். கடைசியில வருவா.”

“பயங்கரமா இருக்குமா பெரியவரே?”

“ரொம்ப.”

நாலு பேரும் உட்கார்ந்தார்கள். அப்பாவும் உட்கார்ந்து, முன்பக்கம் சாய்ந்து, திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் அவர்களோடு சேர்ந்து காத்திருக்கத் தொடங்கினார்.