சாட்சிக்குப் பிறகு ஒரு மாத்திரை

1

இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. எங்கள் பாஸ்டர் ராஜ்குமார் கேட்டார். மூக்கண்டப்பள்ளியில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் சபை. போன ஞாயிறு ஆராதனை முடிந்து இரும்புப் படிக்கட்டில் இறங்கும்போது பின்னாலிருந்து தோளைப் பிடித்தார்.

"தம்பி, நிர்மலாவப் பத்தி எழுதேன். கதையா. பேரெல்லாம் மாத்திக்க."

"எதுக்கு பாஸ்டர்?"

"வர்ற ஞாயிறு சபைல வாசிக்கலாம்னு. நீ காலேஜ்ல கதையெல்லாம் எழுதுவியாமே, அவ சொல்லியிருக்கா."

அவர் நிர்மலா என்று சொல்லவில்லை. என் மனைவியின் உண்மைப் பெயரைச் சொன்னார். அதை எழுதினால் அடுத்த சொல் வருவதில்லை. அதனால் மாற்றினேன்.

நிர்மலா போன மழைக்காலத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். எப்படி என்று எழுத மாட்டேன். கேட்காதீர்கள். நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள்.

2

முதல் தொடக்கம்: ஓசூரில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வரிசையாக

(இல்லை. பஸ்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

இரண்டாவது: விசுவாசம் என்பது

(இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியாது.)

மூன்றாவது: நிர்மலா குளிப்பதை நிறுத்தினாள்.

இதை வைத்துக்கொள்கிறேன். குளிப்பதை நிறுத்தினாள். பிறகு சமைப்பதை. பிறகு ஜெபிப்பதை. முதல் இரண்டும் என்னைப் பயமுறுத்தின. மூன்றாவது அவளைப் பயமுறுத்தியது.

"வாயே வரலைங்க. கண்ண மூடுனா செவுரு மாதிரி நிக்குது."

ஜெபம் வராதது பாவம் என்று நினைத்தாள். எந்தப் பாவம் என்று தேடினாள். பள்ளிக்கூடத்தில் தோழியின் பேனாவை எடுத்ததுவரை போனாள்.

கிருஷ்ணகிரியில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ஓசூரிலும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். சபையில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றாள். மருத்துவர் மனச்சோர்வு என்றார். மாத்திரை எழுதினார். ஆலோசகர் ஒருவரிடம் வாரம்தோறும் பேசச் சொன்னார். "ஜெபம் பண்றத விட்டுடாதீங்கம்மா. வராட்டி சும்மா உக்காருங்க, போதும்" என்றார். அவர் எந்த மதம் என்று எனக்குத் தெரியாது.

சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காலை தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். ஈரத்துண்டோடு கட்டிலருகே முட்டிபோட்டாள். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். முனகல் கேட்டது. ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

மாத்திரை அவளுக்கு ஜெபத்தைத் திருப்பிக் கொடுத்தது.

(இந்த வாக்கியத்தை அடித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். எங்கள் சபையில் வாசிக்க முடியாத வாக்கியம். இருக்கட்டும்.)

3

(சபையார் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். இது வெளியாருக்கு.) எங்களைப் போன்ற சபைகளில் ஆராதனைக்கு நடுவே சாட்சி நேரம் உண்டு. சுகம் கிடைத்தவர் எழுந்து வந்து மைக்கில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கிடைத்ததை ஒளித்துவைத்ததுபோல. எங்கள் சபையில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பவளம் அக்கா பக்கத்தில் நின்று வரிக்கு வரி தெலுங்கில் சொல்வார்.

நிர்மலா எழுந்தாள்.

"என்னால ஜெபம் பண்ண முடியாம இருந்துச்சு. இப்ப முடியுது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

அவ்வளவுதான். பவளம் அக்கா அதைத் தெலுங்கில் மூன்று மடங்கு நீளமாகச் சொன்னார். கைதட்டல். நிர்மலா ஒரு பொய்யும் சொல்லவில்லை. மாத்திரையைச் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். சுகம் பெற்றவர் கை வைத்து ஜெபித்தால் அந்தச் சுகம் மற்றவருக்கும் வரும் என்பது எங்களிடையே ஒரு நம்பிக்கை.

"சிஸ்டர், எம் பொண்ணுக்கும் தூக்கமில்ல. கை வைங்க."

"எனக்கும்மா. நெஞ்செல்லாம் படபடங்குது."

பவளம் அக்கா சொன்னார்: "இனிமே நீதாம்மா எங்க டாக்டரம்மா. பீஸ் மட்டும் கேட்டுடாத."

எல்லோரும் சிரித்தார்கள். நிர்மலாவும் சிரித்தாள். அவள் கைப்பைக்குள் மாத்திரை இருந்தது.

வண்டியில் வரும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

"சாட்சி சொல்லிட்டு மாத்திரை போட்டா, சொன்னது பொய்யாயிடாதா?"

"டாக்டர்கிட்ட கேப்போம்."

"டாக்டருக்கு சாட்சியப் பத்தி என்ன தெரியும்?"

"அப்ப பாஸ்டர்கிட்ட கேளு."

"பாஸ்டருக்கு மாத்திரையப் பத்தி என்ன தெரியும்?"

சிப்காட் சிக்னல் பச்சையானது. வண்டியை எடுத்தேன். அதன்பின் எப்போதோ என்னிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள். தன் சாட்சியை உண்மையாக்குவதற்காக நிறுத்தினாள் என்றுதான் நினைக்கிறேன். வேறு காரணம் எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை.

* அடிக்குறிப்புபோல ஒன்று. எங்களுக்கு வெள்ளிக்கிழமை உபவாசம். மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் அவள் என்ன செய்தாள்? மருத்துவருக்கு உபவாசம் தெரியாது. சபைக்கு மாத்திரை தெரியாது. இரண்டையும் சேர்த்துச் சுமந்த ஒரே ஆள் அவள். அவளே நோயாளி, அவளே மருத்துவர், அவளே பாஸ்டர்.

4

கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும். பாஸ்டரை வைத்தேன். வெள்ளைச் சட்டை, தங்கக் கடிகாரம். "மாத்திரை என்பது அவிசுவாசம்!" என்று மேடையில் கத்த வைத்தேன். காட்சி நன்றாக வந்தது. எழுதி முடித்ததும் ஒரு மாதிரி தூக்கம்கூட வந்தது.

ஒரு சிக்கல். உண்மையான பாஸ்டரிடம் தங்கக் கடிகாரம் இல்லை. அவர் வார நாளில் ஒரு கம்பெனியில் உலைப் பிரிவில் வேலை செய்கிறார். முழங்கையில் சூடுபட்ட தழும்பு இருக்கிறது. அந்த வசனத்தை அவர் சொல்லி நான் கேட்டதும் இல்லை. நான் வராத ஞாயிறு எதிலாவது சொன்னாரோ? உறுதிசெய்ய வியாழக்கிழமை மதியம் அவர் கம்பெனி வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடைக்குப் போனேன்.

"மாத்திரை சாப்பிடக்கூடாதுன்னு எப்பவாச்சும் பிரசங்கத்துல சொன்னீங்களா பாஸ்டர்?"

"இல்ல தம்பி."

"சாப்பிடலாம்னு?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அதுவும் இல்ல."

பன் வேண்டுமா என்று கடைக்காரர் கன்னடத்தில் கேட்டார். "பேடப்பா" என்று மறுத்தார் பாஸ்டர். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நானும் மாத்திரைலதான் இருக்கேன்."

"என்ன மாத்திரை?"

"அதே மாதிரிதான். கொரோனாவுக்கு முன்னாடியிலிருந்து. போடலைன்னா வசனம் வெறும் எழுத்தாத்தான் தெரியுது. போட்டுட்டுத்தான் பிரசங்கம் தயார் பண்றேன்."

"யாருகிட்ட காட்டறீங்க?"

"கிருஷ்ணகிரில. உங்க டாக்டர்தான்." கிளாஸை மறுபடி எடுத்தார். "ஒரு நா உங்க ரெண்டு பேரையும் அங்க பாத்தேன். தூணுக்குப் பின்னாடி போயிட்டேன்."

"எப்ப?"

"அவ சாட்சி சொல்றதுக்கு முன்னாடி."

(இங்கே கோபம் வர வேண்டும். இடம் விட்டு வைக்கிறேன்.)

வரவில்லை. எதிரே நின்ற கன்டெய்னர் லாரியின் நம்பர் பிளேட் மிகத் தெளிவாகத் தெரிந்தது. அதில் ஒரு எழுத்து உரிந்திருந்தது. நான் கேட்டது ஒன்றுதான்: "இன்னொரு டீ சொல்லட்டுமா?"

5

இரண்டாவது டீயில்தான், கதை எதற்கு என்பது தெரிந்தது.

"பாஸ்டருக்கே மனசு சரியில்லன்னா யாரு தம்பி படி ஏறி வருவா? அதான் உன்ன எழுதச் சொன்னேன். கதைல ஒரு பாஸ்டர் வரட்டும். அவரு சபை முன்னாடி நின்னு, நானும் மாத்திரை சாப்பிடறேன்னு சொல்லட்டும். நான் வாசிச்சிடறேன்."

"நீங்களே சொல்லிட்டா?"

"கதைன்னா என்னை யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா கேக்க வேண்டியவ காதுல விழுந்துடும்."

"யாரு?"

"யுவஸ்ரீ. இந்த ஞாயிறு சாட்சி சொல்றேன்னு பேரு குடுத்திருக்கா. அவளையும் கிருஷ்ணகிரில பாத்தேன்."

"கூப்பிட்டுச் சொல்லுங்க பாஸ்டர். தனியா."

"எப்படித் தெரியும்னு கேட்டா?"

சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

(யுவஸ்ரீ என்று எங்கள் சபையில் யாரும் இல்லை. பெயர், ஊர், வேலை எல்லாம் மாற்றியிருக்கிறேன். ஞாயிறு பலர் சாட்சி சொல்கிறார்கள். யாரென்று தேடாதீர்கள்.)

யுவஸ்ரீக்குச் சிங்காரப்பேட்டை. போன் பாகங்கள் பூட்டும் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். ஹாஸ்டலில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து கஞ்சி கொடுக்கும் இடத்தில் பேசினேன்.

"சாட்சி சொல்லப் போறியாமே?"

"ஆமாண்ணா. மைக்க நெனச்சாலே பயமா இருக்கு. பவளம் அக்கா நான் சொல்லாததையும் சேத்துச் சொல்லிடுவாங்க, அது வேற." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நிர்மலா அக்கா எனக்குக் கை வச்சு ஜெபிச்சாங்க. அதான் உங்களக் கேக்கறேன். ஒருத்தரு மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்காங்கன்னு வச்சுக்கங்க. சாட்சி சொன்னப்புறம் அத விட்டுடணும்தானே?"

கஞ்சித் தட்டு என் கையில் சாய்ந்தது. அவள்தான் பிடித்தாள்.

"விடக் கூடாது. டாக்டரக் கேக்காம ஒரு வேளைகூட. நிர்மலாவும் மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தா யுவா. சாட்சிக்கப்புறம் விட்டா."

அவள் தட்டை என் கையில் திருப்பி வைத்தாள்.

"அக்காவுக்கு விசுவாசம் பத்தலையோ என்னவோ" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. நீங்க சொல்றது சரிதான். ஆனா நீங்க வீட்டுக்காரரு, அந்த வருத்தத்துல பேசறீங்க. பாஸ்டர் சொல்லட்டும், அப்ப கேட்டுக்கறேன்."

பாஸ்டரின் ரகசியம் நாக்கு நுனிவரை வந்தது. அது என்னுடையது அல்ல. என் வாயிலிருந்து வந்தால் அவள் நம்பவும் மாட்டாள்.

6

முடிவுகள்.

அ. கதைக்குள் ஒரு பாஸ்டர் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்கிறார். சபை அழுகிறது. ராஜ்குமார் அதை நல்ல குரலில் வாசிக்கிறார். யுவஸ்ரீ கைதட்டிவிட்டு, கதைதானே என்று மைக்கை நோக்கிப் போகிறாள். முன்பு அவருக்கு மறைவாக ஒரு தூண் இருந்தது. இந்த முறை நான்.

ஆ. நான் மைக்கைப் பிடுங்கிச் சொல்கிறேன். இரண்டு பேர் வந்து தோளைத் தொட்டு உட்கார வைக்கிறார்கள். பாவம், பொண்டாட்டி போனவன்.

இ. யுவஸ்ரீ சாட்சி சொல்கிறாள். அன்று சாப்பிட்டுவிட்டு மாத்திரையும் போடுகிறாள். எப்போதும்போல் ஜெபிக்கிறாள். ஒன்றும் பொய்யாகவில்லை. இந்த முடிவை எழுத எனக்கு ஒரு நிமிடம் ஆனது. நான் எழுதுவதால் அவள் அப்படிச் செய்துவிடப் போவதில்லை.

ஈ. நிர்மலா

(இல்லை.)

7

பாஸ்டர், நீங்கள் கேட்ட கதை இது. நீங்கள் கேட்ட பாஸ்டர் இதில் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள். மற்ற இருவரின் பெயரை மாற்றினேன். உங்கள் பெயரை மாற்றவில்லை. ஒரே பிரதி, அது உங்களுக்கு. சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து தருகிறேன். பெயரை மாற்றி வாசிக்கலாம். கிழித்தும் போடலாம். யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன். அதற்குமேல் என்னால் எழுத முடியாது. சாட்சியையும் மாத்திரையையும் ஒரே மூச்சில் சொல்லி அவளை நம்பவைக்கக்கூடியவர் உங்களைத் தவிர யாருமில்லை.

மற்றவர்களுக்கு ஒன்று. இதைத் தாளில் படிக்கிறீர்களானால், இது எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. மேல்மாடியில் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்களானால், அவர் வாசிக்க ஆரம்பித்திருக்கிறார். இந்த வரிவரை வந்திருக்கிறார். இனி அவர் சொல்ல வேண்டியது தாளில் இல்லை.

பவளம் அக்கா, தெலுங்கில் சொல்லாமல் கொஞ்சம் பொறுங்கள். அவர் தலையைத் தூக்கட்டும்.